மந்திரம் சொல்றவனுக்குக் காவல் யாரு?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அஞ்சாம் பதிப்பு 2014-ல வந்துச்சு. அதுல ஒரு விதி எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஜீரணமாகல. மந்திரவாதிக்கு அஞ்சடி தூரத்துல கோடாலியோட ஒரு ஆர்க் (அரக்கன் மாதிரி ஒருத்தன்) நிக்கிறான்னு வெச்சுக்கோங்க. மந்திரவாதி சாவகாசமா பைக்குள்ள கைய விடுறான். வவ்வால் எச்சமும் கந்தகமும் சேத்து உருட்டுன குட்டி உருண்டைய எடுக்கிறான் (ஃபயர்பாலுக்கு அதுதான் சாமான்). விரல நீட்டி, மந்திரத்தைச் சொல்லி, தூரத்துல நிக்கிற கூட்டத்து மேல நெருப்பு போடுறான். இவ்வளவும் முடியிற வரைக்கும் அந்த ஆர்க் கோடாலியை வெச்சுக்கிட்டு வேடிக்கை பாக்கணும். அதே மந்திரவாதி பயந்து ரெண்டு எட்டு பின்னால ஓடுனா மட்டும் ஆர்க்குக்கு ஒரு அடி இனாம். ஓடுறவனுக்கு அடி விழும், நின்னு மந்திரம் சொல்றவனுக்கு விழாது!

இந்த விளையாட்டு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. மேஜையைச் சுத்தி நாலஞ்சு பேர் உக்காந்து ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்குவாங்க. ஒருத்தர் போர்வீரன், ஒருத்தர் மந்திரவாதி, ஒருத்தர் திருடன், இப்படி. கதைய நடத்துற கேம் மாஸ்டர் ஒருத்தர் இருப்பார். காரியம் நடந்துச்சா இல்லையான்னு இருபது முகப் பகடை சொல்லும். 1974-ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச இந்த ஆட்டத்துல அம்பது வருஷமா தீராத வழக்கு ஒண்ணு உண்டு. எதிரி கிட்ட வந்து நிக்கும்போது மந்திரவாதியால மந்திரம் சொல்ல முடியணுமா, முடிஞ்சா அதுக்கு என்ன விலை? ஒவ்வொரு பதிப்பும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கு. பெரும்பாலான பதில்கள் தப்பான இடத்துல கை வெச்சதுன்னு நான் நினைக்கிறேன். இந்த விலைய பகடைகிட்ட விடக்கூடாது. மந்திரவாதி எடுக்கிற முடிவும் பக்கத்துல நிக்கிற கூட்டாளியோட காவலும்தான் அதைத் தீர்மானிக்கணும்.

பழைய கதைலேர்ந்து தொடங்குறேன். விசுவாமித்திரர் தசரதன்கிட்ட வந்து ராமனைக் கேட்டதுக்குக் காரணம் என்ன? ஒரு சாபம் போட்டா, யாகத்தைக் கெடுக்க வர்ற அரக்கனுங்க மாரீசனும் சுபாகுவும் சாம்பல். அவ்வளவு சக்தி உள்ள முனிவர். ஆனா யாகத்துக்கு தீட்சை எடுத்தவர் கோபப்படக்கூடாது, சாபம் விடக்கூடாதுன்னு அவரே வால்மீகில சொல்றார். அதனால ரெண்டு பையங்க ஆறு நாள், ராவும் பகலும் தூங்காம யாகசாலையைக் காத்தாங்க. மேலேர்ந்து வேள்வி மேடைல ரத்தத்தைக் கொட்ட வந்தவனுங்கள்ல மாரீசனை ராமனோட மானவாஸ்திரம் கடல்ல தூக்கி எறிஞ்சுது, சுபாகுவை ஆக்னேயாஸ்திரம் முடிச்சுது. கணக்கா யோசிச்சுப் பாருங்க. அந்த இடத்துல ரொம்ப பலம் உள்ளவர் முனிவர்தான். ஆனா வேலை செஞ்சது வில்லு பிடிச்சவன். பலத்தைக் குறைக்காமலேயே ஒரு மந்திரவாதியைக் கூட்டாளியை நம்பி இருக்க வெச்சிருக்காங்க. இத விட நல்ல சமநிலையை எந்த விதிப் புத்தகத்துலயும் நான் பாத்ததில்ல.

சரி, விதிப் புத்தகங்களுக்கு வருவோம். ஆரம்ப கால டி அண்ட் டி, மந்திரவாதிய அளந்து வெச்சது முக்கியமா எண்ணிக்கைய வெச்சுத்தான். ஜேக் வான்ஸ் 1950-ல எழுதுன ‘தி டையிங் எர்த்’ல மந்திரவாதிங்க மந்திரத்தை மனசுல ஏத்திக்குவாங்க, சொன்ன உடனே அது மறந்துபோயிடும். அந்த யோசனைய விளையாட்டு அப்படியே எடுத்துக்கிட்டுது. முதல் லெவல் மந்திரவாதிக்கு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். அதோட 1970-கள் கடைசில வந்த அட்வான்ஸ்டு பதிப்புல இன்னொரு கட்டு போட்டாங்க. சண்டையோட ஒரு சுற்று ஒரு நிமிஷம், அது ஆறு ஆறு வினாடியா பத்துத் துண்டு. ஃபயர்பாலுக்கு மூணு துண்டு நேரம் வேணும். அதுக்குள்ள அடி விழுந்தா மந்திரம் பாழ், அன்னைக்கு உள்ள கையிருப்பும் போச்சு.

1989-ல வந்த ரெண்டாம் பதிப்பு இதை இன்னும் அழகா பண்ணுச்சு (எனக்குப் பிடிச்ச பதிப்பு, மறைக்கல). சுற்று ஆரம்பிக்கும்போதே எல்லாரும் என்ன செய்யப்போறோம்னு சொல்லிடணும். அதுக்கப்புறம்தான் பத்து முகப் பகடை. குறைஞ்ச எண் வந்தவன் முந்திக்குவான். அந்த எண்ணோட, மந்திரம்னா அதைச் சொல்றதுக்கு ஆகுற நேரம் கூடும். விருப்ப விதிப்படி ஆயுதத்துக்கும் அதோட வேகம் கூடும். ஃபயர்பாலுக்கு மூணு. குத்துவாளுக்கு ரெண்டு, நீள வாளுக்கு அஞ்சு, ரெண்டு கை பிடிக்கிற பெரிய வாளுக்கு பத்து. கூட்டிப் பாத்தா, ஃபயர்பால் சொல்றவனை முந்திக்கிறதுக்கு குத்துவாள்காரனுக்கு நூத்துக்கு 55 வாய்ப்பு. நீள வாளுக்கு 28. பெரிய வாளுக்கு வெறும் 3. இதுல அடங்கியிருக்கிற யோசனையப் பாருங்க. மந்திரவாதியை நிறுத்தணும்னா பெரிய ஆயுதத்தைக் கீழ போட்டுட்டு கத்திய உருவணும். அடி சின்னது, ஆனா நேரத்துக்கு விழும். அது பகடை உருளுறதுக்கு முன்னாலயே போர்வீரன் எடுக்க வேண்டிய முடிவு. மந்திரம் சொல்ற நேரத்துல மந்திரவாதி குதிச்சு விலக முடியாது, அதனால சுறுசுறுப்பால வர்ற பாதுகாப்பு அவனுக்குக் கெடையாதுன்னும் அந்தப் புத்தகத்துல இருந்துச்சு.

குறையும் உண்டு. ஒரு சின்ன கீறல் பட்டாலும் மந்திரம் முழுசா போயிடும். முதல் லெவல் மந்திரவாதி ஆடுறவர் அந்த ஒரே மந்திரத்தையும் பறிகொடுத்துட்டு ராத்திரி பூரா மேஜைல சும்மா உக்காந்திருப்பார். இது நியாயமான புகார். இந்தப் புகாருக்கு 2000-ல வந்த மூணாம் பதிப்பு கொடுத்த மருந்துதான் என் பார்வைல நோயை விட மோசம்.

மூணாம் பதிப்புல, எதிரியோட கை எட்டுற கட்டத்துல நின்னு மந்திரம் சொன்னா அவனுக்கு ஒரு இனாம் அடி உண்டு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கூடவே ரெண்டு வாசலைத் திறந்து வெச்சுட்டாங்க. முதல் வாசல், அஞ்சடி நகர்வு. ஒரு கட்டம் பின்னால வெச்சுட்டா அடி கெடையாது, மந்திரம் தாராளமா சொல்லலாம். ரெண்டாவது வாசல், ‘தற்காத்துக்கிட்டே சொல்றேன்’னு கான்சன்ட்ரேஷன் பகடை போடுறது. பதினஞ்சோட மந்திரத்தோட மட்டத்தைக் கூட்டுனா வர்ற எண்ணைத் தொடணும். சுமாரான உடம்புள்ள ஒரு மந்திரவாதிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க: கான்ஸ்டிட்யூஷன் பதினாலு, இந்தத் திறமைல முழுசா புள்ளி போட்டிருக்கான். முதல் லெவல்ல முதல் மட்ட மந்திரம் சொன்னா தோக்கிறதுக்கு நூத்துக்கு 45. பத்தாம் லெவல்ல அஞ்சாம் மட்ட மந்திரத்துக்கு 20. இருபதாம் லெவல்ல, விளையாட்டுலயே பெரிய ஒன்பதாம் மட்ட மந்திரம் சொல்லும்போது, பூஜ்யம். தோக்கவே முடியாது! பாவம், ஒண்ணும் தெரியாத சின்னப் பையன் பாதி நேரம் தடுமாறுறான். உலகத்தையே புரட்டுறவனுக்குக் கழுத்துல கத்தி இருந்தாலும் கவலை இல்ல. பயம் யாருக்கு வேணுமோ அவனுக்கு இல்லாம, வேண்டாதவனுக்கு வெச்சுட்டாங்க.

2009-ல பாத்ஃபைண்டர்ங்கிற இன்னொரு விளையாட்டு இதைச் சரிபண்ணப் பாத்துச்சு. மட்டத்தை ரெண்டால பெருக்கிக் கூட்டணும்னு மாத்துனாங்க. அதனால நடு லெவல்கள்ல சோதனை நிஜமாவே கஷ்டமாச்சு. ஆனா கேள்வி மாறல. மந்திரவாதி தனியா ஒரு பகடை உருட்டுறான், தன் புள்ளிய கூட்டுறான், ஜெயிக்கிறான் இல்ல தோக்கிறான். பக்கத்துல நிக்கிற நண்பனுக்கு அதுல வேலையே இல்ல. எண்ணை ஏத்துறதும் இறக்குறதும் நடந்துக்கிட்டே இருந்துச்சு. யாரு என்ன முடிவு எடுக்கிறாங்கன்னு யாரும் கேக்கல.

2014-ல வந்த டி அண்ட் டி அஞ்சாம் பதிப்புல அந்தச் சோதனையே இல்ல. பக்கத்துல எதிரி இருந்தா தூரத்துக்கு எறியிற மந்திரத் தாக்குதலுக்கு மட்டும் ஒரு தடங்கல் உண்டு. ஆனா மந்திரவாதியோட பெரிய மந்திரங்கள்ல பாதிக்கு மேல எறியிற வகையே இல்ல. எதிராளிதான் பகடை போட்டுத் தப்பிக்கணும். ஃபயர்பாலும் அப்படித்தான், ஆளை உறைய வெக்கிற ஹோல்டு பர்சனும் அப்படித்தான். அதனால அந்தத் தடங்கல் பேருக்குத்தான். ஏற்கெனவே போட்ட மந்திரத்தைக் கட்டிக் காக்கிறதுக்கு அடி விழும்போது ஒரு சோதனை உண்டு, அது வேற விஷயம். சொல்லிக்கிட்டு இருக்கிற மந்திரத்தை நிறுத்துறதுக்கு சாதாரண வழி கவுண்டர்ஸ்பெல் ஒண்ணுதான். அதுவும் மந்திரம்! ஒரு மந்திரவாதியை இன்னொரு மந்திரவாதிதான் நிறுத்தணும். இருபது வருஷம் வாள் பிடிச்சவன் மேஜ் ஸ்லேயர்னு ஒரு தனிச் சிறப்பை விலை கொடுத்து வாங்கணும். அப்போ கூட அவன் அடி மந்திரத்தை நிறுத்தாது, சொல்லி முடிச்சதுக்கு அப்புறம்தான் விழும். என் எரிச்சலோட வேர் இங்கதான் இருக்கு. மந்திரவாதி பலசாலியா இருக்கிறது எனக்குப் பிரச்சினை இல்ல. மேஜைல மத்த மூணு பேரோட கையைக் கட்டிப்போட்டுட்டு அவனைப் பலசாலி ஆக்குறது பிரச்சினை.

2019-ல வந்த பாத்ஃபைண்டர் ரெண்டாம் பதிப்பு சரியான திசைல ஒரு அடி வெச்சுது. அங்க ஃபைட்டருக்கு, அதாவது போர்வீரனுக்கு, முதல் லெவல்லேர்ந்தே, பக்கத்துல ஒருத்தன் கையசைச்சு மந்திரம் சொன்னா வெட்டுற உரிமை உண்டு. வெட்டு கிரிட்டிக்கலா (வழக்கத்தை விடப் பலமா) விழுந்தா மந்திரம் அறுந்துபோகும். எல்லாருக்கும் அந்த உரிமை கெடையாது, அதுக்குன்னு பழகுனவனுக்குத்தான். நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இது சட்டுனு புரியும். பாறசாலை, நெய்யாற்றின்கரை தொடங்கி கன்னியாகுமரி வரைக்கும் அடிமுறை, வர்மம்னு சொன்னா விளக்கம் வேண்டாம். வர்மம் தெரிஞ்ச ஆசான் கைக்கெட்டுற தூரத்துல நிக்கிறார்னா எதிராளி முத்திரை பிடிக்கிற விரலை எப்படி நீட்டுவான்? அந்தத் தூரத்துக்கு ஒரு மரியாதை வேணும். விதில அந்த மரியாதை இருந்தாத்தான் அடிமுறை பழகுன பாத்திரம் எடுத்தவருக்கும் மேஜைல ஒரு இடம் இருக்கும்.

ஆனாலும் பாத்ஃபைண்டர்ல கடைசி முடிவு கிரிட்டிக்கல் பகடைகிட்டதான் இருக்கு. எனக்கு அது போதல. ஏன்னு சொல்றதுக்கு ராமாயணத்து நிகும்பலைக்குப் போகணும்.

இந்திரஜித்து நிகும்பலைல வேள்வி செய்யப் போறான். முடிச்சுட்டா அவனை யாராலயும் ஜெயிக்க முடியாது. முடியறதுக்கு முன்னால அடிச்சா அவனுக்கு அதுதான் முடிவு. இந்த ரகசியம் தெரிஞ்சவன் விபீஷணன். கம்பர் இதுக்குன்னு யுத்த காண்டத்துல ஒரு படலமே பாடியிருக்கார். வால்மீகில ஒரு நுணுக்கம் உண்டு. விபீஷணன் இலக்குவனைக் கூட்டிட்டுப் போய் ஒரு பெரிய ஆலமரத்தைக் காட்டுறான். இங்க வந்து பூதங்களுக்குப் பலி கொடுத்துட்டுத்தான் இந்திரஜித்து கண்ணுக்குத் தெரியாமப் போவான், அவன் இங்க வந்து சேர்றதுக்கு முன்னால மறிச்சிடுன்னு சொல்றான். அதுக்கு முன்னாலயே சுத்தி நின்ன அரக்கர் படைய வானரங்க போட்டு அடிக்கிறாங்க. படை கதறுறதைக் கேட்டு இந்திரஜித்து வேள்விய முடிக்காமலே எழுந்து வர்றான். யாரும் அவன் கவனம் கலைஞ்சுதான்னு பகடை போடல. எழுந்திருக்கிறதா, உக்காந்து முடிக்கிறதா? முடிவு அவனோடது. எழுந்தா வேள்வி போச்சு. உக்காந்தா படை போச்சு, அடுத்த அடி அவன் மேலதான். தகவல் கொண்டுவந்தவன் ஒருத்தன், படைய உடைச்சவங்க வேற, மரத்தடிய மறிச்சவன் வேற. நாலு பேர் உக்காந்திருக்கிற மேஜைக்கு இத விட நல்ல காட்சி என்ன வேணும்?

இதே கேள்வியோட இன்னும் கொடூரமான உருவம் நிழல்குத்துல இருக்கு. பன்னிசேரி நாணுப்பிள்ளை எழுதுன ஆட்டக்கதை, தெக்கன் கேரளத்துல கதகளி பாக்கிறவங்க நல்லா அறிஞ்சது. துரியோதனன் ஒரு மலையனைக் கூப்பிட்டு, பாண்டவர்களை நிழல்குத்தி மந்திரத்தால கொல்லச் சொல்றான். மாட்டேன்னா உயிர் போயிடும்னு மிரட்டுறான். மலையன் வேற வழி இல்லாம செய்யிறான். வீட்டுக்கு வந்து சொன்னதும் அவன் பெண்டாட்டி, பிள்ளைகளைப் பறிகொடுத்த குந்தியோட வலி என்னன்னு காட்டுறதுக்கு தங்களோட பிள்ளையையே அவன் கண் முன்னால கொன்னுடுறா. பின்னால கிருஷ்ணன் வந்து பாண்டவர்களை எழுப்புறார், அது வேற. இங்க கத்தி மலையன் கழுத்துல இருக்கு, ஆனா அவன் மந்திரம் தடுமாறவே இல்ல. மிரட்டல் அவனோட கவனத்தைத் தொடல, அவனை ஒரு முடிவு எடுக்க வெச்சுது. கதை முழுக்க அந்த முடிவோட விலைதான். இருபது முகப் பகடைய உருட்டி ‘மலையன் பதட்டத்துல மந்திரத்தை மறந்துட்டான்’னு சொல்லியிருந்தா அந்தக் கதை மிஞ்சியிருக்காது.

கர்ணனைச் சொல்லுவீங்க, தெரியும். அவன் முக்கியமான நேரத்துல மந்திரத்தை மறந்துதானே போனான்? ஆமா, ஆனா அது பதட்டத்துல வந்த மறதி இல்ல. பரசுராமர்கிட்ட பொய் சொல்லி வித்தை கத்துக்கிட்டதுக்கு அன்னைக்கே விழுந்த சாபம். எப்போவோ எடுத்த முடிவோட கடன் தேர்ச்சக்கரம் புதைஞ்ச அன்னைக்கு வசூலாச்சு. அதுவும் என் கட்சிக்குத்தான் சாட்சி.

இப்போ என் யோசனை. அஞ்சாம் பதிப்பு ஆடுறவங்க சின்னதா மாத்திக்கிட்டா போதும். எதிரி கைக்கெட்டுற தூரத்துல நிக்கும்போது மந்திரவாதி மூணாம் மட்டமோ அதுக்கு மேலயோ உள்ள மந்திரம் சொன்னா, அது உடனே பலிக்காது. இந்த முறை எந்த மந்திரம்னு வாய்விட்டுச் சொல்லணும், அவனோட அடுத்த முறை தொடங்கும்போதுதான் பலிக்கும். நடுவுல கிட்ட நின்னு அடிக்கிற ஒவ்வொரு அடியும் பட்டுதுன்னா அது கிரிட்டிக்கல் கணக்கு. ஒவ்வொரு அடி விழும்போதும் மந்திரவாதிகிட்ட ஒரே கேள்வி: பிடிச்சு நிக்கிறியா, விடுறியா? நின்னா முழு அடியும் அவனுக்கு. விட்டா அந்த அடி சாதாரண அடியா மாறும், மந்திரத்தோட ஸ்லாட்டும் (அதுக்கு உள்ள கையிருப்பு) திரும்பக் கையில இருக்கும், அந்த முறை மட்டும் வீணாகும். பக்கத்துல நிக்கிற கூட்டாளி, அடுத்தவன் முறைல செய்யக்கூடிய தன்னோட ரியாக்‌ஷனைச் செலவு பண்ணி அந்த அடியைத் தான் வாங்கிக்கலாம். கிட்ட எதிரியே இல்லேன்னா பழையபடி உடனே பலிக்கும். கவுண்டர்ஸ்பெல் மாதிரி ரியாக்‌ஷனா சொல்ற மந்திரங்களுக்கு இந்த விதி கெடையாது. பகடை ஒண்ணுகூட கூடுதலா வேண்டாம்.

ஒரு கணக்குப் பாப்போம். ஒன்பதாம் லெவல் மந்திரவாதி, கான்ஸ்டிட்யூஷன் பதினாலு. புத்தகச் சராசரிப்படி அவனோட உயிர்ப்புள்ளி 56. முன்னால ஓகர்ங்கிற ரெண்டு பூதம். ஓகரோட தடியடி சராசரி 13, கிரிட்டிக்கலானா 22. ரெண்டும் பட்டு, அசையாம நின்னா 44 போயிடும், 12 மிச்சம். மந்திரம் பலிக்கும், ஆனா அடுத்த தடியடில சுருண்டுடுவான். முதல் அடிலயே விட்டா ரெண்டும் சாதாரண அடி, 26 போகும், 30 மிச்சம், ஸ்லாட்டும் பத்திரம். ஃபைட்டர் ஒரு அடியைத் தாங்கிக்கிட்டா 34 மிச்சத்தோட மந்திரமும் பலிக்கும். மூணு வழியும் ஆடக்கூடிய வழிதான். மூணுல எதுன்னு மேஜைல பேச்சு நடக்கும். அந்தப் பேச்சுக்காகத்தானே விளையாடுறோம்?

ஒரு முறை வீணாப் போறது எரிச்சல்தான்னு சிலர் சொல்லுவாங்க. சரிதான், ஆனா பழைய பதிப்புல மந்திரமும் சேந்து போச்சு, அதுதான் வயித்தெரிச்சல். ஸ்லாட்டைத் திருப்பிக் கொடுக்கிறது நான் கண்டுபிடிச்சது இல்ல. 2024-ல திருத்தி வந்த புத்தகத்துல கவுண்டர்ஸ்பெல்லையே அப்படி மாத்திட்டாங்க, தடுத்தாலும் ஸ்லாட் போகாது. நல்ல திருத்தம். இன்னொரு எதிர்ப்பு இத விட கனமானது: கேம் மாஸ்டர் எல்லா எதிரியையும் மந்திரவாதி மேலயே ஏவிவிடுவார், அவர் பாடு திண்டாட்டம். ஏவட்டும். புத்தியுள்ள எதிரி அதைத்தான் செய்வான், விபீஷணன் அதைத்தான் செய்யச் சொன்னான். அப்போ வாசல்ல நிக்கிறவனுக்கும் குறுக்க பாயிறவனுக்கும் ஒவ்வொரு சுற்றுலயும் வேலை வந்துடும். எதிர்ப்பக்கத்து மந்திரவாதிக்கும் இதே விதிதான்னு மறந்துடாதீங்க. கோட்டைக்குள்ள உக்காந்திருக்கிற கிழட்டு மந்திரவாதியை நெருங்கிட்டா உங்க ஃபைட்டரோட வாளுக்கு முதல் தடவையா அர்த்தம் வரும். ஆட்டம் மெதுவாகும்னு சொல்றதை நான் பெருசா எடுத்துக்கல. சொன்ன மந்திரத்தை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி நடுவுல வெச்சா முடிஞ்சது.

நான் முழுசா ஒத்துக்கிற எதிர்ப்பு ஒண்ணு உண்டு. ரெண்டே பேர் ஆடுற மேஜைல, காவலுக்கு ஆளே இல்லாதப்போ, இந்த விதி மந்திரவாதிய ரொம்ப நசுக்கும். அங்க இதைப் போடாதீங்க. அஞ்சாம் லெவலுக்கு முன்னால இந்த விதி யாரையும் தொடாது, மூணாம் மட்ட மந்திரமே அப்போதான் கைக்கு வரும். அதனால புதுசா கத்துக்கிறவங்களுக்கும் பயம் இல்ல.

அடுத்த ஆட்டத்துக்கு உக்காரும்போது இதைப் போட்டு ஆடலாமான்னு முதல்ல ஃபைட்டர் எடுத்தவர்கிட்ட கேளுங்க. மந்திரவாதி எடுத்தவர்கிட்ட கேக்கும்போது அந்த ஓகர் கணக்கையும் சேத்துக் காட்டுங்க, ஒத்துக்குவார்.